அறை வெப்பநிலை

அன்று காலை ரைஸ்மில் ஆபீஸ் அறையில் இருந்தவர்கள்: மில் முதலாளி தாண்டவராயன், நாற்காலியில். மில் மெக்கானிக் முனிரத்தினம், ஜன்னலோரம், ஈரத் துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டு. பூசாரி எல்லப்பன், கதவுக்கு உட்பக்கம் நின்றபடி; உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நெல் அவிக்கும் கூலியாள் செங்கேணி, தரையில், தவிட்டு மூட்டையில் சாய்ந்து. அவன் மனைவி அம்முலு, அவன் பக்கத்தில். கடைசியாக நான், முத்துவேல். ராத்திரி ஷிப்ட் முடித்து பஸ்ஸை விட்டு இறங்கியவன் நேரே உள்ளே வந்திருந்தேன். சாப்பாட்டுத் தூக்கு இன்னும் கையில் இருந்தது.

மேசைமேல் அம்பாசடர் கார் சாவி கிடந்தது. அதையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். அந்த அறையில் செங்கேணியைப் பிழைக்க வைக்கக்கூடிய பொருள் அது ஒன்றுதான்.

மில் உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகும் சாலையில், வயல்களுக்கு நடுவே தனியாக இருக்கிறது. எதிரிலேயே பஸ் நிற்கும். அன்று பஸ் நிற்பதற்கு முன்பே எனக்கு நாற்றம் வந்துவிட்டது. என் சட்டையிலிருந்து வருகிறது என்று நினைத்தேன். செங்கல்பட்டுப் பக்கம் நூல் வெளுக்கும் ஆலை ஒன்றில் எனக்கு வேலை. வெளுப்பதற்குக் குளோரின் வாங்குகிறார்கள். மஞ்சள் பெயிண்ட் அடித்த இரும்பு உருளைகளில் லாரியில் வரும். எத்தனை முறை துவைத்தாலும் அந்த வாடை சட்டையை விட்டுப் போகாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவன் கொஞ்சம் நகர்ந்து உட்காருவான். பழகிவிட்டது.

பஸ் போன பிறகும் நாற்றம் அதிகமாகிக்கொண்டே வந்தது. சட்டையை முகர்ந்து பார்த்தேன். அது மில் பக்கமிருந்து வந்தது.

மில்லுக்குப் பின்னால் உமி கொட்டும் இடம், அதைத் தாண்டி வற்றிப்போன ஒரு கிணறு. காற்றுக்கு முதுகு கொடுத்து உமிக் குவியல்மேல் ஏறிப் பார்த்தேன். கிணற்றைச் சுற்றியிருந்த புல்லும் எருக்கஞ்செடியும் வெந்நீர் ஊற்றியதுபோல் வெளிறிக் கிடந்தன. மேடையில் இரண்டு மைனாக்கள், கால்களை மேலே நீட்டிக்கொண்டு. கிணற்றுக்குள் பாதி உயரத்துக்கு மஞ்சளும் பச்சையுமாக ஏதோ தேங்கியிருந்தது. பாசி பிடித்த தண்ணீர் என்றுதான் யாரும் சொல்வார்கள். காற்று வீசியபோது அது புகைபோல மெல்லச் சுருண்டது, வெளியே வர மனமில்லாததுபோல் மறுபடி உள்ளே படுத்துக்கொண்டது. குளோரின் காற்றைவிடக் கனம். பள்ளம் தேடிப் போகும்.

இறங்கி ஓடி ஆபீஸ் அறைக்குள் போனேன்.

“வா பீயூசி,” என்றார் தாண்டவராயன்.

பீயூசி படித்து முடிக்காதவன் என்பதால் ஊரில் எனக்கு அந்தப் பேர். முடித்தவர்கள் யாரையும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

“கரெக்டா வந்து சேந்த. நீதான படிச்சவன், சொல்லு. பின்னால கெணத்துல இருக்கறது இன்னாது?”

“குளோரின். கேஸு. எப்படி வந்திச்சி இங்க?”

முனிரத்தினம்தான் சொன்னான். போன வாரம் காஞ்சிபுரத்தில் பழைய இரும்புக்கடையில் முதலாளி ஒரு உருளை வாங்கி வந்தாராம். கனத்த இரும்பு. நடுவில் வெட்டினால் நெல் அவிக்க இரண்டு தொட்டி கிடைக்கும். பெயிண்ட் பாதி உரிந்து துரு ஏறியிருந்தது. காலையில் வெட்டுவதற்காக உருட்டியபோது உள்ளே களக் களக்கென்று சத்தம் கேட்டது.

“தண்ணின்னு நெனச்சோம்டா. மழைல கெடந்ததுதான, உள்ள பூந்திருக்கும்னு. நான்தான் செங்கேணிகிட்ட சொன்னேன், கெணத்தாண்ட எட்துகினு போய் கவுத்துடு, வெட்டிக்கலாம்னு. வால்வு துரு புட்ச்சிக் கெடந்திச்சி. சுத்தியால தட்னான்.”

“கேஸான்னு யோசிக்கலயா?”

“யோசிச்சேன். குலுக்கிப் பாத்தேன். களக்குன்னுது. கேஸ்னா குலுங்குமா? நீயே சொல்லு. காத்து எங்கனா குலுங்குமா?” முனிரத்தினத்தின் கண்கள் மிளகாய் அரைத்தவன் கண்களாகச் சிவந்திருந்தன. “தண்ணிதான் இருந்திச்சி. வெளிய வந்தப்பதான் காத்தாச்சி.”

அவன் சொன்னதில் பொய் ஒரு சொல்கூட இல்லை. எங்கள் கெமிஸ்ட்ரி புத்தகத்தில் அறை வெப்பநிலையில் தனிமங்களின் நிலை என்று ஒரு அட்டவணை உண்டு. பதினொன்று வாயு. இரண்டு திரவம், பாதரசமும் புரோமினும். மற்றதெல்லாம், இரும்பு, தாமிரம், கந்தகம், திடம். குளோரின் வாயுவின் கீழே இருந்தது. நான் பரீட்சையில் உருப்படியாக எழுதிய ஒரே கேள்வி அது. அதே குளோரினை இரும்புக்குள் அழுத்தி அடைத்தால் தண்ணீர்போலக் குலுங்கும் என்று புத்தகத்தில் இல்லை. ஆலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. முனிரத்தினம் ஆலைக்குப் போனதில்லை.

“தண்ணியேதான் சாரு வந்திச்சி,” என்றான் செங்கேணி. குரல் தகரத்தில் மணல் தேய்ப்பதுபோல் இருந்தது. “மஞ்சத் தண்ணி. சோடா ஒடச்சாப்ல பொங்கிச்சி. இன்னா அதிசயம்ன்ற, வாயாண்ட வெள்ள வெளேர்னு ஐஸு கட்டிகிச்சி. மே மாசத்துல! தொட்டேன். சுட்டுடிச்சி.”

விரல்களைக் காட்டினான். நுனிகள் வெள்ளையாக, உணர்ச்சியில்லாமல் இருந்தன.

“அப்புறம் தண்ணியும் இல்ல, ஐஸும் இல்ல. பச்சையா ஒரே பொக. மூஞ்சில வந்து அட்ச்சிச்சி. உருளைய கெணத்துல தள்ளிட்டு ஓடியாந்துட்டேன்.”

“எத்தினி தடவ இழுத்த உள்ள?”

“எண்ணிக்கினா இருப்பாங்க?” சிரிக்கப் பார்த்தான். இருமல் வந்தது. நீளமான இருமல். அம்முலு அவன் முதுகைத் தடவினாள். அவன் தோளில் கிடந்த துண்டு சிவப்புத் துண்டு. போன ஆடித் திருவிழாவில் அவள் வாங்கிக் கொடுத்தது. வியர்வையில் நனைந்திருந்த பக்கமெல்லாம் இப்போது பால் வெள்ளையாக இருந்தது. அவள் அதை அடிக்கடி பார்த்தாள், பார்த்துவிட்டு மடித்து, வெள்ளை தெரியாமல் சிவப்பை மேலே திருப்பி வைத்தாள்.

“இவன ஒடனே காஞ்சிபுரம் பெரியாஸ்பத்திரிக்கு கூட்டிக்கினு போணும்,” என்றேன். “கேஸ் நெஞ்சுக்குள்ள போயிருக்குது.”

அம்முலு நிமிர்ந்தாள். “கேஸா? இன்னா கேஸுண்ணா? இவரு மேலயா?”

“இல்லம்மா, இது—”

“இவரு இன்னா பண்ணாரு? கவுக்கச் சொன்னாங்க, கவுத்தாரு. அது இவரு பொருளா? ஒடஞ்சிப்போச்சின்னு கேஸ் போட்டுட்டாங்களா?”

தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து, ஒரே உச்சரிப்பு. எந்த கேஸ் என்று சொல்ல வேண்டுமென்றால் இன்னொரு வார்த்தை வேண்டும். அடுப்பு கேஸ் என்று சொல்லலாம். அவள் வாழ்நாளில் கேஸ் அடுப்பைப் பார்த்ததில்லை. கைக்கு வந்த வார்த்தையை எடுத்துச் சொன்னேன்.

“போலீஸ் கேஸ் இல்லம்மா. காத்து மாதிரி. உள்ள காத்து பூந்துகிச்சி, அவ்ளோதான்.”

தாண்டவராயன் நாற்காலியில் நிமிர்ந்தார். அதுவரை அவர் மேசைமேல் இருந்த பேப்பர்வெயிட்டை உருட்டிக்கொண்டிருந்தார். உருட்டுவதை நிறுத்தினார்.

“இன்னா சொன்ன? காத்துன்ற.”

“கேஸ்னா அவங்களுக்குப் புரியல—”

“புரியறாப்லதான சொன்ன. எல்லப்பா, கேட்டியா? படிச்சவனே சொல்றான். காத்து கருப்பு அட்ச்சிருக்குதாம்.”

எல்லப்பனை யார் வரவழைத்தார்கள் என்று நான் அதுவரை யோசிக்கவில்லை. பிறகு யோசித்தேன். வீச்சம் அடங்குவதற்குள், டாக்டருக்கோ கம்பவுண்டருக்கோ ஆள் அனுப்பாமல், பூசாரிக்கு ஆள் அனுப்பியிருக்கிறார். நான் அந்த வார்த்தையைச் சொல்லாவிட்டால் அவரே சொல்லியிருப்பார். என் வாயிலிருந்து வந்ததில் அவருக்கு வேலை மிச்சம்.

எல்லப்பன் தொண்டையைக் கனைத்தார். “இது நம்ம காத்து மாதிரி தெரிலீங்களே.”

“ஏன்?”

“நம்ம காத்துக்கு வாடை கெடயாது. இது மூக்க புட்ச்சி இழுக்குது. நம்ம காத்து ஆளத்தான் புடிக்கும், மைனாவ இன்னா பண்ணும்?”

“புதுக் காத்தா இருக்கும்,” என்றார் தாண்டவராயன். “கோயில் கழனி இந்த வருசம் யாரு பயிர் வெக்கறது, எல்லப்பா?”

எல்லப்பன் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

நான் தாண்டவராயனிடம் சொன்னேன், அவருக்குப் புரியும்படி, மெதுவாக. எங்கள் ஆலையில் போன வருஷம் ஒருவனுக்கு இதே குளோரின் முகத்தில் அடித்தது. இருமினான். மூஞ்சி கழுவினான். டீ குடித்தான். எனக்கு ஒன்றும் இல்லை என்று சைக்கிளில் வீட்டுக்குப் போனான். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தான். பொழுது சாயும்போது வாயில் நுரை தள்ளியது. நெஞ்சுக்குள் தண்ணீர் சேர்ந்து, பாயில் படுத்தபடியே, ஆற்றில் மூழ்கியவன் மாதிரி செத்தான்.

“அதுவரிக்கும் நல்லாத்தான் இருந்தான் மொதலாளி. சிரிச்சிப் பேசிக்கினு இருந்தான். இவனும் இப்ப அப்டித்தான் கீறான்.”

“சாயந்தரம் வரிக்கும் நல்லா இருந்தானா?”

“ஆமா.”

“அப்ப இவனும் சாயந்தரம் வரிக்கும் நல்லாத்தான் இருப்பான்.”

இதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. நெல் காய எத்தனை நேரம் ஆகும் என்று கேட்டுக்கொள்கிறவர்போலச் சொன்னார்.

“ஆஸ்பத்திரில ஆக்சிஜன் வெப்பாங்க. வெச்சா பொழைப்பான். இப்பவே போனா.”

“ஆக்சிஜன்னா?”

“அதுவும் ஒரு கேஸுதான்.”

“கேஸுக்கு கேஸு,” என்றார். “ஒண்ணு போதாதுன்ற.” முனிரத்தினத்தைப் பார்த்தார், அவன் சிரிக்கட்டும் என்று. அவன் சிரிக்கவில்லை. துண்டை மறுபடி கண்ணில் வைத்துக்கொண்டான்.

“பீயூசி, நீ பேப்பர் படிக்கிறவன்தான? ஆறு மாசமா இன்னா போட்டுக்கினு கீறான்? போபாலு, போபாலு. இப்ப உத்திரமேரூரு பக்கம் மில்லுல கேஸுன்னு ஒர்த்தன் வாய தொறந்தா போதும். தாசில்தாரு வருவான், கலெக்டரு வருவான், போட்டோக்காரன் வருவான். மில்லுக்கு சீல் வெச்சிட்டு போய்க்கினே இருப்பான். இந்த மில்ல நம்பி எத்தினி வூட்டுல அடுப்பு எரியுது? செங்கேணி வூட்லயும் அதான எரியுது? இன்னாடா செங்கேணி?”

“ஆமா நைனா,” என்றான் செங்கேணி.

“இன்னா ரூம்பு சூடுன்ன?” என்று அவன் திடீரென்று என்னைக் கேட்டான். சற்றுமுன் நான் முனிரத்தினத்திடம் முணுமுணுத்ததைக் கேட்டிருக்கிறான்.

“ரூம் டெம்பரேச்சர். அறை வெப்பநிலை. அந்தச் சூட்டுல அது கேஸாயிடும்.”

“யாரு ரூம்பு?”

“யாரு ரூமும் இல்ல. பொதுவா ஒரு ரூம்ல இருக்கற சூடு.”

“எப்டி பொதுவா? மொதலாளி ரூம்புல ஃபேன் கீது. எங்க வூட்ல கூர ஓட்டை கீது. எந்த ரூம்பச் சொல்றான் உங்க புக்கு?”

“சீமைல ஒரு ரூமு,” என்றேன். “இருபத்தஞ்சு டிகிரி. நம்ம பக்கம் மார்கழி காலைல கொஞ்ச நேரம் இருக்கும்.”

அவனுக்கு அது வேடிக்கையாக இருந்தது. சிரித்தான், இருமினான். இந்த முறை இருமி முடித்தபோது உதட்டோரம் நுரை இருந்தது. இளஞ்சிவப்பாக, கொஞ்சமே கொஞ்சம். வெற்றிலைச் சாறு என்று யாரும் சொல்லிவிடலாம். அவன் வெற்றிலை போடுவதில்லை. சாயந்தரம் வரை பொறுக்கும் என்று நான் போட்டிருந்த கணக்கு தப்பு.

சாவியில் கை வைத்தேன்.

யாரும் என்னைத் தடுக்கவில்லை. தாண்டவராயன் கேட்டார்: “ஓட்டத் தெரியுமா உனக்கு?”

“தெரியாது. முனிரத்தினம் ஓட்டுவான்.”

எல்லோரும் முனிரத்தினத்தைப் பார்த்தார்கள். முதலாளியின் பெண்ணைச் சென்னைக்குக் கொண்டுபோய் விடுவது, மாமியாரைத் திருப்பதிக்குக் கூட்டிப்போவது எல்லாம் அவன்தான். வண்டி வாசலிலேயே நின்றது. நானும் அவனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எட்டாவது வரை படித்தவர்கள்.

“ரத்தினம்,” என்றேன்.

அவன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான். ஜன்னலுக்கு வெளியே வெயிலைத் தவிரப் பார்க்க ஒன்றுமில்லை.

“குலுக்கிப் பாத்தது நீதான்டா,” என்றேன்.

“அதான் பயமா கீது,” என்றான், திரும்பாமல்.

தாண்டவராயன் என் கையின் கீழிருந்து சாவியை மெதுவாக இழுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அப்போது தூரத்தில் ஹாரன் கேட்டது. பெருநகர் வழியாகக் காஞ்சிபுரம் போகும் பஸ். செங்கேணியின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். எழுந்துவிட்டான். பாரமே இல்லை. அம்முலு அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டாள். கார் இல்லாவிட்டால் பஸ். ஒரு மணி நேரம். அவன் தாங்குவான் என்று நினைத்தேன்.

“போங்க, போங்க,” என்றார் தாண்டவராயன். “நான் ஒண்ணும் தடுக்கல. உசுருன்னா சும்மாவா? ஆனா ஒண்ணு அம்முலு. அங்க போனா டாக்டரு கேப்பான், இன்னா ஆச்சின்னு. கேஸுன்னு சொல்வீங்க. கேஸுன்னா அவங்க போலீசுக்கு எழுதியே ஆவணும், அது ரூலு. போலீசு கேப்பான், யாரு ஒடச்சதுன்னு. அப்ப நான் பொய் சொல்ல முடியுமா? சுத்திய எட்துகினு போனது யாரு? நானா, ரத்தினமா?”

அவர் ஒரு இடத்தில்கூடக் குரலை உயர்த்தவில்லை. இரண்டு கேஸையும் ஒன்றாக்கி அவள் மடியில் வைத்துவிட்டார்.

அம்முலுவின் கை தளர்ந்தது.

போன வருஷம் பக்கத்துக் கழனியில் ஒரு ஆயில் எஞ்சின் காணாமல் போனது. போலீசுக்கு யார் பேரைக் கொடுப்பது என்று யோசித்து செங்கேணி பேரைக் கொடுத்தார்கள். எஞ்சின் பிறகு வேறு ஊரில், வேறு ஆளிடம் கிடைத்தது. செங்கேணியின் இடது கை மட்டும் அதற்குப் பிறகு முழுதாக மடங்குவதில்லை. சாப்பிடும்போது அந்தக் கையால் தட்டைப் பிடித்துக்கொள்ள முடியாது; அம்முலு பிடித்துக்கொள்வாள்.

“பொய்,” என்றேன். “ஆஸ்பத்திரில அப்டி ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நான் கூட வரேன். நான் பேசறேன். மூச்சு முட்டுதுன்னு மட்டும் சொல்லலாம்.”

“நீ வருவ பீயூசி சாரு,” என்றான் செங்கேணி. “ராத்திரி ஷிப்ட்டுக்கு போயிடுவ. அப்புறம் ஸ்டேஷன்ல நான்தான அவங்களோட இருக்கணும்.”

“செத்துடுவடா.”

“அங்கயும் அத்த மாதிரிதான் இருந்திச்சி.”

பஸ் நின்றது. கண்டக்டர் இரண்டு முறை விசில் அடித்தான். இங்கே யாராவது ஏறுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். தினமும் யாராவது ஏறுவார்கள். பிறகு மூக்கைப் பொத்திக்கொண்டு ஏதோ கத்தினான். பஸ் போய்விட்டது.

செங்கேணி என் கையை விடுவித்துக்கொண்டு மறுபடி மூட்டையில் சாய்ந்தான். கண்ணை மூடி ஒரு நிமிஷம் மூச்சு மட்டும் விட்டான். அந்த மூச்சில் சத்தம் இருந்தது, ஹூக்காவில் தண்ணீர் குமிழியிடுவதுபோல, மிகச் சின்னதாக. எனக்கு அந்தச் சத்தம் தெரியும்.

“பூசாரி,” என்றான். “காத்துன்னா இன்னா பண்ணணும்?”

எல்லப்பன் தாண்டவராயனைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துச் சொன்னார். காத்து அடித்தவனை விளக்கு வைக்கும் வரை மூடிய அறையில் வைக்க வேண்டும். வெளிக்காற்று படக் கூடாது. உள்ளே போன காத்துக்கு வெளியே இருக்கிற காற்று துணைக்கு வந்துவிடும். தண்ணீர் கூடாது. பெண்பிள்ளை கூட இருக்கக் கூடாது. வேப்பிலையும் மிளகாயும் போட்டுப் புகை காட்ட வேண்டும். இதெல்லாம் இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான். என் அத்தை ஒருத்தியை அப்படி வைத்திருந்தார்கள், அவள் பிழைத்தாள். அவளுக்கு வந்தது வெறும் காய்ச்சல்.

“பொக வாணாம்,” என்றேன். “சாமி சத்தியமா பொக வாணாம் பூசாரி. நெஞ்சு ஏற்கெனவே வெந்து கெடக்குது.”

“கொஞ்சமாத்தான் போடுவேன்,” என்றார் எல்லப்பன். அவர் என்னிடம் கெஞ்சுவதுபோல் இருந்தது.

“கோணி ரூம்ல வெச்சிக்கலாம்,” என்றார் தாண்டவராயன். “ஜன்னல் கெடயாது. தோதா இருக்கும்.”

கோணி அறை மில்லின் கோடியில் இருக்கிறது. காலிச் சாக்குகளைப் போட்டுவைக்கிற இடம். தகரக் கூரை. கத்தரி வெயிலில் பகல் ஏற ஏற அந்தச் சுவரில் உள்ளங்கையை வைக்க முடியாது. சாலையிலிருந்து யாருக்கும் தெரியாது. கத்தினாலும், மிஷின் ஓடும்போது கேட்காது.

“மிஷின் போடச் சொல்றேன்,” என்றான் முனிரத்தினம். அது தேவையா என்று யாரும் அவனைக் கேட்கவில்லை. வெளியே போனான். சற்று நேரத்தில் பெல்ட் சுற்றும் சத்தம் கேட்டது.

அம்முலு எழுந்து நின்றாள். முதல் முறையாக தாண்டவராயன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“நைனா. இது காத்துதான? வேற ஒண்ணியும் இல்லியே?”

“நானா சொன்னேன்? படிச்ச புள்ள சொல்லிச்சி.”

அவள் என்னைப் பார்த்தாள்.

“கேஸும்மா,” என்றேன். “கேஸு. ஆஸ்பத்திரிக்கு நட. அடுத்த பஸ்ஸு வரும். நான் தூக்கிக்கினு வரேன். கேஸு வேற, கேஸு வேற. போலீசு இல்ல.”

என் வாயில் அந்த வார்த்தை எத்தனை முறை வந்ததோ அத்தனை முறை அவள் முகம் சுருங்கியது. கடைசியில் காதைப் பொத்திக்கொண்டாள்.

“அப்டி சொல்லாதண்ணா. நீயே சொல்லி சொல்லி கேஸாக்கிடுவ போலக்கீது.”

செங்கேணி சிரித்தான். சத்தமில்லாத சிரிப்பு. “வுடு சாரு,” என்றான். “கேஸுக்கு போறத வுட காத்துக்கு போறது தேவல. காத்துன்னா ஒரு நாளு. வூட்டுக்கு வுட்ருவாங்க.”

யாருடைய உதவியும் இல்லாமல் எழுந்தான். துண்டை உதறித் தோளில் போட்டான். வெள்ளைப் பக்கம் மேலே வந்தது. அம்முலு கை நீட்டி அதைத் திருப்பிவிடப் போனாள். அதற்குள் அவன் நடந்துவிட்டான்.

ஆபீஸ் அறையிலிருந்து கோணி அறைக்கு நெல் களத்தைக் கடந்து போக வேண்டும். களத்தின் சிமெண்டு அதற்குள் கொதித்தது. நான் அவன் பக்கத்திலேயே நடந்தேன். தூக்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்று பார்த்தேன். எங்கே ஓடுவது? சாலையில் அடுத்த பஸ் இல்லை. களத்தில் நெல் கிளறிக்கொண்டிருந்த ஆட்கள் குச்சியை நிறுத்திப் பார்த்தார்கள். “காத்தாம்,” என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொல்வது கேட்டது. இருவரும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். செங்கேணி பாதி வழியில் நின்றான். நெஞ்சைத் தடவிக்கொண்டான். நகங்கள் நீலமாக இருந்தன.

“உள்ள போய் படுக்காத,” என்றேன். “சுவத்துல சாஞ்சி குந்து. மூட்டைய முட்டுக் குடுத்து ஒசரமா குந்து. பொக சட்டிய தள்ளி வுட்ரு. நான் சைக்கிள எட்துகினு போய் டாக்டர இங்கயே கூட்டிக்கினு வரேன்.”

“வருவாரா?”

“வரவெப்பேன்.”

“அவருகிட்டயும் இன்னா ஆச்சின்னு சொல்லணுமில்ல?” என்றான். “இன்னான்னு சொல்லுவ?”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். இருந்தது ஒரே ஒரு வார்த்தை.

எல்லப்பன் முன்னால் போய்ச் சட்டியை உள்ளே வைத்துவிட்டு வந்தார். கண்ணில் நீர் வழிந்தது, புகையினால் இருக்கலாம். கதவு தாழ்வானது. அறைக்குள்ளிருந்து அடுப்பைத் திறந்ததுபோல் அனல் வந்தது. தாண்டவராயன் நிழலில் நின்று பூட்டைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். அம்முலு கதவுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லப்பன் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

செங்கேணி குனிந்தான். உள்ளே ஒரு கால் வைத்த பிறகு திரும்பி என்னைப் பார்த்தான்.

“பீயூசி சாரு. இந்த ரூம்பு எத்தினி சூடுன்னு வெளிய வந்து சொல்றேன். உன் புக்குல எய்திக்க.”

இருமிக்கொண்டே உள்ளே போனான். தாண்டவராயன் கதவைச் சாத்தினார், நாதாங்கியை மாட்டினார், பூட்டைப் போட்டு ஒருமுறை இழுத்துப் பார்த்தார், சாவியைக் கார் சாவி இருந்த பையிலேயே போட்டுக்கொண்டார்.